ஆளுக்குப் பாதிக் கடவுச்சொல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ஒரு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். இணையக் கடைகளின் அடியில் சின்ன எழுத்தில் 'எங்களைப் பற்றி' என்று ஒன்று இருக்குமே, யாரும் தொட்டுப் பார்க்காத அந்தப் பக்கம். கீழ்வீட்டில் இரண்டு ஓரகத்திகள் சேர்ந்து இணையத்தில் கடை போடுகிறார்கள். அண்ணன் மனைவி ஒருத்தி, தம்பி மனைவி ஒருத்தி. நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன். சோப்புக்கும் மெத்தைக்கும் விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறேன், நேரம் கிடைத்தால் கதையும் எழுதுவேன். "பத்து வரி போதும் சார்" என்றாள் மூத்தவள். பத்து வரிக்கு நான்கு வாரமாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடை எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால்தானே 'எங்களைப் பற்றி' எழுத முடியும்? அதை மூத்தவள் ஒரு மாதிரி சொன்னாள், இளையவள் வேறு மாதிரி சொன்னாள். இரண்டிலும் பொய் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

முதல் வரிக்கு நான் போட்ட வரைவுகள், அடித்தவை அடித்தபடியே:

ஒரு மனைவியின் கைவேலையில் பிறந்தது எங்கள் கடை. [இளையவள் படித்துவிட்டு "நல்லா இருக்குண்ணா" என்றாள். 'நல்லா' என்பதை யாரும் இவ்வளவு சில்லென்று சொல்லி நான் கேட்டதில்லை.]

எலும்பு மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில்— [மூத்தவள் இதற்கு மேல் படிக்கவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோது அடுப்பைப் பார்க்கப் போனாள்.]

இரண்டு சகோதரிகளின்— [இருவருமே முறைத்தார்கள்.]

2

சரக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். சட்டை. மூத்தவளின் கணவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டார். கையை மார்போடு சேர்த்துக் கட்டி ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்றுவிட்டார்கள். எந்தச் சட்டையும் நுழையவில்லை. மூத்தவள் தையல்காரி. இருந்த சட்டை ஒன்றை எடுத்துக் கைமுனையிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே வெட்டாக வெட்டி, நெடுகப் பிரஸ் பட்டன் வைத்தாள். கையைத் தூக்காமலே மேலே போர்த்தி, டிக் டிக் என்று அழுத்தி மூடிவிடலாம். மனிதர் முதல் தடவையாக முனகாமல் உடுத்தினார்.

இளையவள் எலும்பு மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். மச்சினர் அந்தச் சட்டையோடு காட்டிக்கொள்ள வந்த அன்று, வரிசையில் கட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனித்தாள். படம் எடுத்தாள், கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினாள், அளவு எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு மாதத்தில் கூடத்துத் தையல் மெஷினுக்கு ஓய்வில்லாமல் போனது.

மூத்தவள் இல்லையென்றால் சட்டை இல்லை. இளையவள் இல்லையென்றால் அந்தச் சட்டை ஒரே ஒரு தோளோடு முடிந்திருக்கும்.

இந்தக் கதையில் நான் மூத்தவளோடு கொஞ்சம் ஒட்டி நடப்பேன். காரணம் இருக்கிறது. ஒன்பது வருஷம் அவள் ஒரு ஆயத்த ஆடைக் கடையின் பின்னறையில் துணி வெட்டினாள். கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் இடுப்பைத் தளர்த்திக்கொள்ளும்படி ஒரு பாவாடை வெட்டு அவள் யோசித்தது. முதலாளி அதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். "இது நான் வெட்டுனதுதானேங்க" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அந்தப் பாவாடை இன்னும் அந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. பேருந்தில் அந்த வழியாகப் போனால் அவள் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வாள். இன்னொரு தடவை தன் கையில் பிறந்தது தன் கையைவிட்டுப் போய்விடக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

(அவள் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்று உங்களுக்குப் படுகிறதா? படட்டும். முதலில் என்னிடம் சொன்னவள் அவள். முதலில் கேட்டதை நம்புவது மனுஷ புத்தி. நீங்களும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.)

3

கடையை எப்படிப் போடுவது என்று பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அண்ணனும் தம்பியும் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் இந்தக் கதையில் அவர்கள் சாப்பிட மட்டும் வருவார்கள். சாப்பிட்டாயிற்று, போய்விட்டார்கள்.

வழி மூன்று இருந்தது. முதலாவது, எல்லாரும் எல்லாமும் விற்கிற பெரிய சந்தைத் தளத்தில் ஓர் ஓரமாக இடம் பிடிப்பது.

"கூட்டம் அங்கதானேக்கா இருக்கு. தேடுறவங்க நேரா அங்கதான் வருவாங்க" என்றாள் இளையவள்.

"அதான் எனக்கு பயமே. எவனாவது நம்ம சட்டைய ஒண்ணே ஒண்ணு வாங்கி, பிரிச்சுப் பாத்து, மறுவாரம் ஆயிரமா தச்சுப் போட்டுடுவான். நம்ம சட்டைக்குப் பக்கத்துலயே நிக்கும், விலை கம்மியா."

இளையவள் தலையாட்டினாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது என்று நினைக்கிறேன். [நினைக்கிறேன் என்ன நினைக்கிறேன்? எழுதுகிறவன் நான். ஆனால் இவள் மனசுக்குள் எட்டிப் பார்க்கப் போகும்போதெல்லாம் வரவேற்பு மேசைக்காரியின் அந்தச் சிரிப்பு வந்து கதவைச் சாத்திவிடுகிறது.]

இரண்டாவது வழி, ஆள் வைத்துச் சொந்தமாக ஒரு தளம் கட்டுவது.

"என் தம்பி பண்ணித் தரேங்கிறான்க்கா. அவனுக்கு ஆபீஸ்ல இதுதான் வேலை."

மூத்தவள் மடியில் கிடந்த துண்டுத் துணியை நான்காக மடித்தாள். நீவினாள். பிறகு, "தம்பிக்கு எதுக்கு சிரமம்?" என்றாள்.

அந்தத் தம்பி அதோடு இந்தக் கதையைவிட்டு வெளியேறினான்.

மூன்றாவது வழி, வாடகைத் தளம். கட்டி முடித்த கடை. மாத வாடகை கட்டினால் போதும், பெயர்ப் பலகை நம்முடையது, அடுக்கி வைக்க அலமாரி தயார். அதை நடத்துகிறவன் எங்கேயோ இருக்கிறான், இந்தப் பக்கத்துச் சொந்தமும் இல்லை, அந்தப் பக்கத்துச் சொந்தமும் இல்லை. இருவரும் உடனே ஒத்துக்கொண்டது அதனால்தான். சந்தேகப்பட ஆளே இல்லாத வழி என்று நினைத்தார்கள். ஆள் இரண்டு பேர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டார்கள்.

4

தளம் கேட்ட முதல் கேள்வியே வம்பாகப் போயிற்று. 'உரிமையாளர் பெயர்' என்று ஒரே ஒரு பெட்டி. அதற்குக் கீழே 'பணியாளர்களைச் சேர்க்க' என்று இன்னொன்று, அதில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

"உன் பேரையே போடேன்" என்றாள் மூத்தவள்.

"நீங்க இருக்கும்போதா? உங்க பேரைப் போடுங்கக்கா."

"எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது?"

"தெரியிறதுக்கு என்னக்கா இருக்கு? நான் பணியாளரா இருந்துட்டுப் போறேன்."

'இருந்துட்டுப் போறேன்' என்று சொன்னவிதத்தில் அவள் இருக்கவும் மாட்டாள், போகவும் மாட்டாள் என்பது எனக்கே புரிந்தது. இருபது நிமிஷம் இருவரும் ஒருவரை ஒருவர் அரியணையில் ஏற்றப் பார்த்தார்கள். கடைசியில் உரிமையாளர் பெட்டியில் கடையின் பெயரையே அடித்துவிட்டு மூச்சுவிட்டார்கள்.

அடுத்து, கடவுச்சொல். யாருக்குத் தெரிகிறதோ அவள்தான் உரிமையாளர் என்பது இருவருக்கும் சொல்லாமலே விளங்கிவிட்டது. மூத்தவள்தான் வழி கண்டுபிடித்தாள். தையல்காரி, வெட்டுவது அவளுக்குக் கைவந்த கலை.

"ஆளுக்குப் பாதி" என்றாள்.

ஏற்பாடு இதுதான். மூத்தவள் முதல் பாதியை அடிப்பாள், அப்போது இளையவள் சுவரைப் பார்த்து நிற்பாள். பிறகு போன் கைமாறும். இளையவள் பின்பாதியை அடிப்பாள், மூத்தவள் சுவரைப் பார்ப்பாள். போன் திரும்பவும் மூத்தவள் கைக்கு வரும், 'உள்ளே' என்ற பொத்தானை அவள் அழுத்துவாள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி கடையைத் திறக்கவே முடியாது. அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உலகத்தில் யாரும் இப்படிக் கடை திறந்திருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இரண்டு பேருமே முழுக் கடவுச்சொல்லையும் தெரிந்து வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அது எப்படி?" என்றார்கள், இருவரும் ஒரே குரலில். வாடகைத் தளத்துக்குப் பிறகு அவர்கள் மறுபேச்சில்லாமல் ஒத்துப்போன ஒரே இடம் அது.)

5

கடைக்கென்று ஒரு பழைய போன் ஒதுக்கினார்கள். ஒரு தடவை உள்ளே போய்விட்டால் அந்தப் போனில் கடை திறந்தபடியே இருக்கும். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான சமையலறையில், குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் அதற்கு இடம். எல்லார் கண்ணிலும் படும் இடம். அப்படித்தான் இருவரும் கண்கொத்திப் பாம்பாக ஆனார்கள்.

மூத்தவள் போனுக்கு அடியில் ஒரு நூல் துண்டு வைத்தாள். எடுத்தால் நூல் நகரும். இளையவள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எத்தனை சதவீதம் சார்ஜ் என்று பார்த்துக்கொண்டாள், வந்ததும் பார்த்தாள். நூல் நகர்ந்துதான் கிடந்தது. சார்ஜும் குறைந்துதான் இருந்தது. போன் என்றால் சார்ஜ் குறையும், குளிர்சாதனப் பெட்டி என்றால் அதிரும். இதை இரண்டு பேருக்கும் எடுத்துச் சொல்ல ஒரு பாத்திரம் இந்தக் கதைக்குத் தேவை. நான் இருந்தேன். சொல்லவில்லை. வாய் திறந்தால் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

பத்தாவது நாள் மூத்தவளுக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. கூடத்துச் சுவரோரம் கண்ணாடி வைத்த அலமாரி. கடவுச்சொல் போட்ட அன்று இளையவள் சுவரைப் பார்த்து நின்றாளே, அவள் பார்த்தது சுவரையா, கண்ணாடியையா?

என்னைக் கீழே கூப்பிட்டாள். "சார், நான் உக்காந்த இடத்துல உக்காந்து ஏதாவது டைப் பண்ணுங்க." அவள் போய் அலமாரியைப் பார்த்து நின்றாள். நான் என் பெயரை அடித்தேன்.

"விரல் தெரியுது. எழுத்து தெரியல" என்றாள். பிறகு சேர்த்துச் சொன்னாள்: "எனக்குத் தெரியல. அவளுக்குக் கண்ணு நல்லா இருக்கே. அவ்வளவு தூரத்துலேர்ந்து பேஷண்ட் கையில இருக்கிற ஃபைல் நம்பரைப் படிச்சிடுவா."

"அவங்க அப்படிப்பட்டவங்களா?" என்று கேட்டேன்.

"அப்படிப்பட்டவ இல்லதான் சார். அந்தப் பழைய முதலாளியும் அப்படிப்பட்டவர் இல்ல, ஒன்பது வருஷம்."

அவளுக்காக எனக்கு அப்போது மனசு வலித்தது. இளையவளுக்காகவும் வலித்தது, அவள் அங்கே இல்லாததால் அது கொஞ்சம் குறைவாக.

6

இந்த வெள்ளிக்கிழமை காலை. இளையவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், மூத்தவள் பாத்திரம் துலக்குகிறாள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் போன் முனகியது. இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள், ஒரே நேரத்தில் கையை இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் இருவருமாகச் சேர்ந்து எடுத்தார்கள்.

முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து முதல் ஆர்டர். மூடிய திரையில் இரண்டு வரி மட்டும் தெரிந்தது: 'அம்மாவுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள கிடைக்குமா? இடது…'

தொட்டார்கள். தளம் இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு எல்லாரையும் வெளியே தள்ளியிருந்தது. அளவு, விலாசம், பெயர் எல்லாம் உள்ளே. வாசலில் கடவுச்சொல் பெட்டி.

மூத்தவள் அடித்தாள், இளையவள் சுவரைப் பார்த்தாள். இளையவள் அடித்தாள், மூத்தவள் சுவரைப் பார்த்தாள். 'உள்ளே.' தவறான கடவுச்சொல்.

"நீ சரியாத்தான் போட்டியா?"

"நான் சரியாத்தான்க்கா போட்டேன். நீங்க?"

இரண்டாவது தடவை. தவறான கடவுச்சொல். இந்தத் தடவை ஒருவர் விரலை ஒருவர் பார்த்தார்கள்.

மூன்றாவது தடவை. கடை பூட்டிக்கொண்டது. 'மீட்பு எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம். முப்பது நிமிடம் வரை செல்லும்.'

7

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தளம் மீட்பு எண் என்று ஒன்றும் கேட்டது. உன் நம்பர், உங்க நம்பர் என்று மறுபடி இழுபறி வரும்போல இருந்தது. "மாடியில ஒருத்தர் சும்மாதானே இருக்காரு" என்று என் எண்ணைப் போட்டுவிட்டார்கள். நான்காம் பகுதியிலேயே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அங்கேயே நீங்கள் என்னைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவீர்கள் என்று தோன்றியது.

ஆக, குறியீடு என் போனுக்கு வந்தது. வந்த மூன்றாவது நிமிஷம் மூத்தவள் மாடியேறி வந்தாள், கையில் பாத்திர நுரையோடு.

"சார், ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லிடாதீங்க. முதல் தடவை நான் வேணும்னேதான் தப்பாப் போட்டேன்."

"எதுக்கு?"

"நான் சுவத்தைப் பாக்கும்போது என்னோடத அழிச்சிட்டு அவளே முழுசாப் போட்டா எனக்கு எப்படித் தெரியும்? அதான். என் பாதி தப்பா இருந்தும் கடை தெறந்துச்சுன்னா அவ எல்லாத்தையும் மாத்திட்டான்னு அர்த்தம். தெறக்கல. அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டாவது தடவை சரியாத்தான் போட்டேன். அப்பவும் தெறக்கல சார்."

அவள் இறங்கினாள். ஐந்து நிமிஷம் கழித்து இளையவள் வந்தாள், தோளில் வேலைக்குப் போகும் பை.

"அண்ணா, அக்காகிட்ட சொல்லாதீங்க. முதல் தடவை நான் சரியாப் போட்டும் தெறக்கல. அப்ப அவங்க மாத்திட்டாங்கன்னுதானே தோணும்? பட்டன அழுத்துறது அவங்கதானே, அழுத்துறதுக்கு முன்னாடி என்ன பண்றாங்கன்னு யாரு கண்டா? அதான் ரெண்டாவது தடவை வேணும்னே தப்பாப் போட்டேன். அப்படியும் தெறந்துச்சுன்னா கையும் களவுமா பிடிச்சிருக்கலாம்."

"மூணாவது தடவை?"

"சத்தியமா சரியாப் போட்டேண்ணா." கண் கலங்கியிருந்தது. "என்னை அவங்க பணியாளாத்தான் பாக்குறாங்க. நான் இல்லாம ஒரு சட்டை வித்திருக்குமா, நீங்களே சொல்லுங்க. நம்பரை எங்கிட்ட சொல்லுங்கண்ணா."

அவள் இறங்கிப் போனபின் மூத்தவளைக் கேட்டேன், மாடிப்படியிலிருந்து குனிந்து, தாழ்ந்த குரலில். மூன்றாவது தடவை தானும் சரியாகத்தான் போட்டதாகப் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தாள்.

இரண்டு பாதியும் சரி என்றால் முழுசும் சரி. கடை திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை.

8

இனி முடிவு. எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

குறியீட்டை மூத்தவளிடம் கொடுக்கலாம். அவள் புதுக் கடவுச்சொல்லை முழுசாகப் போட்டுக்கொள்வாள். அவள் பயம் தீரும். ஆனால் அதன்பிறகு இளையவள் கேட்டுவந்த ஆர்டர்களுக்கு அவள் பெயர் இருக்காது. ஒருநாள் அவளும் பேருந்தில் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வாள். மூத்தவள் தெரியாமலே அந்த முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இதை எழுதும்போது எனக்கு அவள்மேல் கோபமே வந்தது, அவள் இன்னும் செய்யாத தப்புக்கு.

இளையவளிடம் கொடுக்கலாம். அப்படியானால் மூத்தவளுக்கு இரண்டாவது தடவை நடக்கும். அதை என்னால் எழுத முடியாது. ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், "அவள் மெஷினை மூடிவைத்து—" என்பதோடு பேனா நின்றுவிட்டது.

இருவரையும் கூடத்தில் உட்கார வைத்து, ஒருத்தி சொன்னதை இன்னொருத்திக்குச் சொல்லி, இருவரும் சிரித்து, கட்டிக்கொண்டு— [விளம்பரத்துக்கு எழுதுகிற கை. அடித்தேன்.] அப்படியே சொன்னாலும் மூன்றாவது தடவை மிச்சமிருக்கும். முதல் இரண்டு பொய்யையும் தானாக வந்து சொன்னவர்கள் மூன்றாவதை மட்டும் மறைப்பார்களா? மறைப்பார்கள் என்று ஒரு மனது சொல்கிறது. கோபத்தில் விரல் தடுமாறியிருக்கும் என்று இன்னொரு மனது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே அங்கே போய்விட்டீர்கள் என்று தெரியும். இருவருமே சரியாகப் போட்டும் திறக்கவில்லையென்றால், யாரோ நடுவில் மாற்றியிருக்கவேண்டும். மீட்பு எண் யாரிடம் இருக்கிறதோ அவனால் எப்போது வேண்டுமானாலும் மாற்ற முடியும். நான்கு வாரமாகக் கதை கிடைக்காமல் தவித்தவன் ஒருவன்தான் இங்கே இருக்கிறான்.

நான் மாற்றவில்லை. [இந்த வாக்கியத்தை மூன்று விதமாக எழுதி அடித்தேன். எப்படி எழுதினாலும் பொய் மாதிரிதான் இருக்கிறது. கீழே இரண்டு பேரும் இத்தனை நாளாக எப்படி இருந்திருப்பார்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.]

படியில் பாதி இறங்கி நிற்கிறேன். இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கிறது. இங்கிருந்து கூடம் தெரிகிறது. இளையவள் வேலைக்குப் போகவில்லை, பையை நாற்காலியில் போட்டுவிட்டாள். மூத்தவள் துணியை விரித்து வெட்ட ஆரம்பித்திருக்கிறாள். விலாசம் தெரியாது, அளவு தெரியாது, இடது என்பது மட்டும் தெரியும்.

"வயசானவங்களா இருக்கும். கொஞ்சம் தாராளமாவே வெட்டுறேன்."

"ஆபரேஷன் முடிஞ்சா தோள்கிட்ட கட்டு பெருசா இருக்கும்க்கா. அங்க இன்னும் ரெண்டு விரல் விடுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இளையவள் பட்டன் டப்பாவைத் திறந்து, ஒரே அளவாகப் பொறுக்கி, மூத்தவளின் கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே வருகிறாள். அதை நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். ஒருவர்மேல் ஒருவர் இவ்வளவு சந்தேகத்தோடு இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு பேரைப் பற்றிப் பத்து வரி எழுத எனக்கு வராது. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் இப்போதைக்கு ஒன்றும் இருக்காது.

"நம்பர் வந்துச்சா?" என்று ஒரு குரல் கேட்கிறது. மெஷின் ஓடத் தொடங்கிவிட்டதால் யாருடைய குரல் என்று தெரியவில்லை.

583041.

உங்களிடம் சொல்லிவிட்டேன். நான் மேலே போகிறேன், கீழே கதவு திறந்துதான் இருக்கிறது. இறங்கிப் போய் யாரிடம் சொன்னீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வீர்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.